ரயில்வே கேட்டில் பறந்த முருகன்

விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கணவர் ரகு நம்பவே இல்லை. "பொரிச்சா அது பூரி" என்று திண்டுக்கல்லில் ஒரு தீர்ப்பு. மதுரையில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. கடைசியில் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடையில் உட்கார்ந்து, மொறுமொறுவென்று உடைந்த பரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி ஒரு வாய் வைத்தார். அதன்பிறகு நீதிபதி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பரிமாறியவர் எங்கள் காரின் நம்பர் பலகையை எட்டிப் பார்த்தார். "ஓசூர்ல இருந்தா வாறீக? அம்புட்டுத் தூரமா! அப்ப ரெண்டு பத்தாது, நாலா வைக்கேன்" என்று எங்களைக் கேட்காமலேயே வைத்துவிட்டுப் போனார். தூரத்துக்கும் பரோட்டாவுக்கும் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு பேரும் மிச்சம் வைக்கவில்லை.

நாங்கள் ஓசூரிலிருந்து காரிலேயே திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கிளம்பியிருந்தோம். பழைய கார். மதுரையைத் தாண்டியதும் ஏசி உயிரை விட்டது. ஆடி மாதக் காற்று நான்கு ஜன்னல் வழியாகவும் புகுந்து என் தலையைக் காக்கைக் கூடாக்கியிருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழியாக இருந்த மாரீஸ்வரியை, படிப்பு முடிந்ததற்குப் பிறகு முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை, அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போனில் மட்டும் இத்தனை வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மாரீஸ்வரிக்கு ஊர் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல். கல்லூரியில் ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரையும் 'லே' போட்டுத்தான் கூப்பிடுவாள். 'ஏனுங்க, வாங்க' என்று வளர்ந்த கோவைப் பெண்கள் முதல் வாரம் ஆடிப்போனார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் வார்டனுக்குக் கேட்காமல் 'லே' போட ஆரம்பித்தார்கள்.

திருத்தங்கலில் மெயின் ரோட்டுக்கே ஸ்கூட்டரில் வந்து நின்றிருந்தாள். நான் காரிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் கட்டிப்பிடித்துவிட்டாள்.

"ஏலே வித்யா! என்னலே இம்புட்டுப் பெருத்துட்டே!"

"நீ மட்டும் என்ன, ஒடிஞ்சு விழுந்துட்டியா?" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது, அவளுக்கும்தான். நடுரோட்டில் இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து ஒரு மினி பஸ் வேகத்தைக் குறைத்துப் போனது.

பிறகுதான் ரகுவைக் கவனித்தாள். குரலே மாறிவிட்டது. "வாங்கண்ணே. நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?"

ரகு அப்பாவித்தனமாக விருதுநகர்ப் பரோட்டாவின் பெருமையைச் சொன்னார். மாரீஸ்வரியின் முகம் விழுந்தது. "எங்க வீட்டுக்காரரு லீவு போட்டுக் கோளி எடுத்து மசாலா அரைச்சு வச்சுட்டு உக்காந்துருக்காரு. நீங்க பரோட்டாவைத் தின்னுட்டு வாறீகளே!" நாங்கள் மறுபடி சாப்பிட்டோம். வேறு வழியில்லை, கோழியும் அப்படி இருந்தது.

அவள் கணவர் காளிராஜன், விஸ்வநத்தத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். மாரீஸ்வரி எங்களை அண்ணன் அண்ணி ஆக்கிவிட்டதால் அவர் ரகுவை மச்சான் என்றும் என்னைத் தங்கச்சி என்றும் அழைத்தார். ஒரே ஒரு சாப்பாட்டில் உறவுமுறை எல்லாம் தீர்மானமாகிவிட்டது.

வீட்டின் மாடியில் குடித்தனம். கீழே பெரிய கூடம் முழுக்கக் காலண்டர் ஆல்பங்கள். ஒரு ஆல்பத்தைப் புரட்டினேன். பிள்ளையார், லட்சுமி, மாரியம்மன், மெக்கா, மாதா, குழந்தை, அருவி, ஒரு பக்கத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் நம்பர். மேலே இரண்டு திருகாணி போட்டு முறுக்கியிருந்தது. ஊர் ஊராக இருக்கும் ஏஜென்டுகள் இதைத்தான் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஜவுளிக்கடைக்காரரோ நகைக்கடைக்காரரோ, "இந்த நம்பர்ல இத்தனை போடு" என்று சொன்னால் ஆர்டர் இங்கே வரும். தை மாதம் நம் வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் சாமி, ஆடியிலேயே இங்கே தயாராகிவிடுகிறார்.

"ஆடிப் பதினெட்டு அன்னைக்குத்தாம்லே ஆல்பம் போடுவோம், ஏஜென்டுக வந்து வாங்கிட்டுப் போவாக. இந்த ஊரே அன்னைக்குத்தான் போடும். நாளைக் கழிச்சு" என்றாள் மாரீஸ்வரி. அவள் விரல்கள் ஒரு திருகாணியைத் திருகியபடியே இருந்தன.

விஷயம் என்னவென்றால், இது அவளுடைய முதல் ஆல்பம். கல்யாணமான புதிதிலிருந்து சிவகாசியில் ஒரு பெரிய காலண்டர் கம்பெனியில் டிசைனராக இருந்தாள். போன வருடம் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்திருக்கிறாள். மெஷின் கிடையாது, படத்தை இவள் போடுவாள், அச்சடிப்பை வெளியே கொடுப்பாள், ஆல்பத்தைக் கட்டுவது இந்தக் கூடத்தில். கிளம்பும்போது பழைய முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம், இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"'போ, கார்த்திகைக்குள்ள திரும்பி வந்துருவே'ன்னாரு. திட்டிருந்தாக்கூட எனக்கு வலிச்சிருக்காது."

"ஆர்டர் வரலைன்னா?"

"ஏஜென்டுக நம்மளை ஒரு கம்பெனின்னு மதிச்சாத்தான் சீசன். இல்லேன்னா கார்த்திகையில போய் அவர் முன்னாடி நிக்கணும். வேற வளி கிடையாது." சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் நாரணாபுரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பட்டாசு ஆலைக்கு இவள்தான் பெட்டி டிசைன் செய்கிறாள். புது மத்தாப்புப் பெட்டியின் மாதிரியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு கிளம்பினேன். இதற்காகவே வாங்கிய பளபளப்பான பச்சைச் சுடிதார் வேறு.

வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். போன்கள் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போர்மேன் என் சுடிதாரைத் தூரத்திலிருந்து பார்த்தார். "தப்பா எடுத்துக்கிடாதீக. இது பருத்தி இல்லையே? நைலான் மாதிரித் துணி உரசுனாலே பொறி வரும். உள்ள விட முடியாதும்மா" என்றார். மாரீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உடுத்துறதுக்கு முந்தி என்கிட்டக் கேட்டியாலே?"

காவல் அறையில் இருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு பருத்திச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு, வாசலில் இருந்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. உடம்பில் இருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடுமாம். ரகு இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, சாமி கும்பிடுவது மாதிரி நின்றார்.

உள்ளே ஒரே வேப்பமரங்கள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், நாலு பக்கமும் கதவு. ஒரு அறையில் பெண்கள் சங்குசக்கரத்துக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் போகிற வேகத்துக்கு வாயும் போனது. யார் வீட்டு வளைகாப்பில் புளியோதரை சரியில்லை என்று அலசிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கேயோ ஒரு தகர மூடி கீழே விழுந்தது. பேச்சு சட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மூடிதான் என்று தெரிந்ததும் மறுபடி புளியோதரை. நான் மட்டும் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் நாங்கள் இருப்பது தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான். அங்கே சத்தம் நின்றால் திரும்பிப் பார்ப்போம்.

மாரீஸ்வரியின் மத்தாப்புப் பெட்டி போர்மேனுக்குப் பிடித்துவிட்டது. திரும்பும்போது ரகு காரில் பின்தொடர, ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு பாட்டே பாடினாள். நன்றாக இல்லை. நானும் சேர்ந்து பாடினேன்.

வீட்டுக்கு வந்ததும் ரகு, "ஆல்பத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பதாம் நம்பர் முருகன். மயில் பக்கத்தில் நிற்க, வேலைத் தோளில் சாய்த்து, ஒரு கை தூக்கி ஆசீர்வதிக்கிற முருகன். அப்படி ஒரு சிரிப்பு அந்த முகத்தில். முந்தின நாள் அதைப் பார்த்தவுடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்து நடுவில் மாரீஸ்வரி, ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் ரகு போனை நீட்டிப் பிடித்தபடி. செல்பி எடுக்கும்போது போன் திரையில் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித் தெரியும் அல்லவா? படத்துக்குக் கீழே இருந்த கம்பெனிப் பெயர் திரையில் இடவலம் மாறிய கிறுக்கலாகத் தெரிந்தது.

மாரீஸ்வரி திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணே, ஆட்டாதீக. அப்படியே வைங்க."

திரையைப் பார்த்தாள். கையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். மறுபடி திரையை.

"எளுத்து மாறியிருக்கு. ஆனா முருகன் போன்ல சரியா இருக்காரே. அப்ப தாள்ல?"

தாளில் முருகன் இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்.

கூடத்தில் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை பேர் பார்த்த படம்! எல்லோரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறோம். இடது கையால் திருநீறு கொடுத்தால் வாங்குவோமா? அந்தக் கையால் ஆசீர்வாதம் என்றால் எந்தக் கடைக்காரர் சுவரில் மாட்டுவார்?

எப்படி நடந்தது என்று மாரீஸ்வரிக்கு உடனே தெரிந்துவிட்டது. மயில் தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றது அவள் கண்ணை உறுத்தியதாம். கடைப் பெயர் வருகிற பக்கம் மயில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படத்தை ஒரு தடவை இடவலம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். திரும்ப மாற்ற மறந்து அப்படியே அச்சுக்கான பிளேட் போட அனுப்பிவிட்டாள்.

"நாந்தாம்லே. வேற யாரும் இல்ல. பளைய முதலாளி சொன்னது சரிதான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

அதற்குள் காளிராஜனுக்குப் போன் போயிருந்தது. மறுமுனையில் அவர் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "முருகன் இல்லாத ஆல்பத்தைத் தென்காசி அண்ணாச்சி கையால கூடத் தொட மாட்டாரு. ஏ, அளாத. படத்தைத் திருப்பி, பிளேட் போட அனுப்பு. இங்கன குருவி வெடி லேபிள் லோடு முடியப்போகுது. அடுத்தது ஏறுறதுக்குள்ள ஒரு ஓட்டு ஓட்டிக்கிடலாம். முதலாளிகிட்ட நான் கேட்டுக்கிர்றேன்."

தென்காசி அண்ணாச்சி என்பவர் பெரிய ஏஜென்ட். அவர் கைவைத்த ஆல்பம் குற்றாலம் வரை எல்லாக் கடைக்கும் போகும் என்று முந்தின இரவே சொல்லியிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஓட்டம்தான். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் போனாள். அவளையும் ஏற்றிக்கொண்டு ரகுவும் நானும் காரில் பிளேட்டை வாங்கிக்கொண்டு விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தபோது, காளிராஜன் மெஷினைத் துடைத்துத் தயாராக நின்றார். மெஷின் உறுமியது. முதல் தாள் வெளியே வந்ததும் மாரீஸ்வரி முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். வலது கை. "ஓட்டுங்க!" என்று கத்தினாள்.

மை காயாத தாள்களை இறுக்கிக் கட்டக் கூடாதாம். ஒரு தாளின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கட்டாமல் காரின் பின்சீட்டில் அடுக்கி, இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மாரீஸ்வரியும் ஓரங்களைப் பூப்போலப் பிடித்துக்கொண்டோம். ஏசி இல்லாத கார், மை வாடை வேறு. ரகு எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்தோம். முன்னால் ஒரு டவுன் பஸ், பட்டாசு ஆலைப் பெண்களை ஏற்றி வந்த ஒரு வேன், சுற்றிலும் எறும்புப் புற்றாக இரு சக்கர வாகனங்கள். அப்போது மாரீஸ்வரியின் போன் அடித்தது. எடுக்க ஒரு கையை விட்டாள். அதே நேரம் பார்த்து ரயில் தடதடவென்று கடந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மை காயாத முருகன் பறக்க மாட்டாரா?

ஒரு தாள் என் மூக்கை உரசிக்கொண்டு ஜன்னல் வழியே போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாக. "ஏ முருகா!" என்று மாரீஸ்வரி போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பியது. திரும்பியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கேட்டுக்கு மேலே, பஸ்ஸுக்கு மேலே, மின்கம்பிக்குக் கீழே, சிரித்த முகமாக முருகன்கள் ஆசீர்வாதம் செய்தபடி பறந்துகொண்டிருந்தார்கள்.

வேறு எந்தக் காகிதமாக இருந்தாலும் எல்லோரும் வேடிக்கைதான் பார்த்திருப்பார்கள். "ஏலே, சாமி படம்லே! கீள விடாத!" என்று ஒருவர் கத்தினார். அவ்வளவுதான். வண்டிகளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பஸ் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி ஒன்றைப் பிடித்தார். வேன் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி முந்தானையில் ஏந்தினார்கள். தொப்பி போட்ட ஒரு பாய், மல்லி மூட்டையோடு நின்ற மொபெட்டை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து இரண்டைப் பிடித்து, தோள் துண்டை விரித்து அதன் மேல் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். "தரையில படலம்மா. மை மட்டும் லேசா என் கையில ஒட்டிருச்சு" என்றார்.

ரயில் போய்விட்டது, கேட்டும் திறந்துவிட்டது, ஒரு வண்டி நகரவில்லை. கேட் கீப்பர் உள்ளேயிருந்து திட்டினார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். அவர் தார்ப்பாயிலும் ஒரு முருகன் இறங்கியிருப்பதைச் சொன்னதும் ஹாரனை நிறுத்திவிட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். என் கணவர், வீட்டில் கீழே விழுந்த பேப்பரை எடுக்க ஐந்து தடவை சொல்ல வேண்டிய மனிதர், தண்டவாளத்தின் மேல் ஒரு தாளைத் துரத்திக்கொண்டு ஓடினார். கூட்டம் கைதட்டியது. கடைசியில் பிடித்துவிட்டார்.

பூக்கூடையோடு நின்ற ஒரு அக்கா, தான் பிடித்த தாளைத் திருப்பித் தரவில்லை. நெஞ்சோடு வைத்திருந்தாள். "இதை நான் வச்சுக்கிடட்டுமா தாயி? மொகம் அப்படியே பேசுதே."

ஆல்பம் போடும் வரை ஒரு படத்தைக் கூட வெளியே காட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். எனக்குக் கூட அனுப்ப மறுத்தவள் மாரீஸ்வரி. ரோட்டையே பார்த்தாள். ஊருக்கே காட்டி முடித்தாகிவிட்டது. "வச்சுக்கங்கக்கா" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, நான் சிரிக்க, பாயும் கண்டக்டரும் சிரிக்க, கேட் கீப்பர் மட்டும் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்துப் பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நாங்கள் வருவதற்குள் எல்லா ஆல்பத்திலும் திருகாணியைக் கழற்றி இடது கை முருகனை எடுத்து வைத்திருந்தார்கள். ரகுவும் நானும் உட்பட எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வலது கை முருகனைச் சேர்த்தோம். பொழுது சாயும்போது முடித்துவிட்டோம். என் பச்சைச் சுடிதாரின் முழங்காலில் மயில் நீலம் ஒட்டியிருந்தது. இன்றுவரை போகவில்லை.

ஆடிப் பதினெட்டு. காலையில் கூடத்தைக் கழுவிக் கோலம் போட்டு, முதல் ஆல்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். பெரிய பாத்திரம் நிறையக் கேசரி. வருகிற ஏஜென்டுகளுக்கு.

ஏஜென்டுகளைக் காணோம். மாரீஸ்வரி நாற்காலிகளை இந்தப் பக்கம் போட்டாள், பிறகு அந்தப் பக்கம் போட்டாள். காளிராஜனை எதற்கோ திட்டினாள். கோவில்பட்டியிலிருந்து ஒருவர் வந்து ஆல்பத்தை வாங்கிக்கொண்டு, கேசரி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளை வேட்டியில் தென்காசி அண்ணாச்சியே வந்துவிட்டார். "நேத்து கேட்டுல முருகனைப் பறக்கவிட்டது ஒங்க கம்பெனிதானா? ஊரெல்லாம் அதே பேச்சா கெடக்கு!" என்று உடம்பு குலுங்கச் சிரித்தார். ஆல்பத்தை மெதுவாகப் புரட்டினார். ஒன்பதில் கொஞ்சம் நின்றார். மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, "பாப்போம்மா" என்று எழுந்தார்.

அவர் கார் தெரு முனை திரும்பியதும் மாரீஸ்வரி நாற்காலியில் சரிந்தாள். "பாப்போம்னா என்னன்னு தெரியுமாலே? ரெண்டு மாசம் களிச்சுத்தான் தெரியும். பாக்காமலும் போயிருவாக." அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் சாப்பிட்டதும் திருச்செந்தூருக்குக் கிளம்ப வேண்டும். இப்படியே எப்படி விட்டுவிட்டுப் போவது?

அப்போது ஒருவர் வாசற்படியேறி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல்பை. சேலத்து ஏஜென்ட் என்றார்.

"சேலத்துல எங்கன?" என்றாள் மாரீஸ்வரி.

"பஸ்ஸ்டாண்டுக்கு அங்கனதான்."

சேலத்தில் யார் 'அங்கன' என்கிறார்கள் என்று நான் யோசிப்பதற்குள், மாரீஸ்வரி எழுந்து மின்விசிறியைப் போட்டாள். கேசரியைத் தட்டு நிறைய வைத்தாள். அவர் கொஞ்சம் அவசரமாகத்தான் தின்றார். ஆல்பத்தை இரண்டு கையாலும் எடுத்து, "நல்லாப் பாருங்க, விலைச் சீட்டு பின்னாடி இருக்கு" என்று கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அவர் போய் ஸ்கூட்டரை எடுத்த சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்டது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"அவரு சேலமும் இல்ல, ஏஜென்டும் இல்லலே! எங்க பளைய முதலாளியோட கேஷியர் மருமகன். கல்யாணத்துக்கு நான் மொய் எளுதியிருக்கேன்!"

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். ஆடிப் பதினெட்டு அன்று ஒவ்வொரு கம்பெனியும் மற்ற கம்பெனிகளுக்கு ஏஜென்ட் மாதிரி ஆள் அனுப்பி ஆல்பத்தை வாங்கிப் பார்த்துக்கொள்ளுமாம், என்ன டிசைன், என்ன விலை என்று.

"எந்தெந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பணும்னு அங்கன வருசா வருசம் முடிவு பண்ணுனதே நாந்தாம்லே. பயப்பட வேண்டாத கம்பெனிக்கு அனுப்பவே மாட்டோம். சில்லறைக் கம்பெனின்னு விட்டுருவோம்." மாடியைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க! முதலாளி நமக்கு ஆள் அனுப்பிட்டாருங்க!"

கூடத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். நான் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன். இரண்டு பேரின் எடைக்கும் அது நடக்கவில்லை.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு ரகுவின் பக்கம் திரும்பினாள். குரலில் முதலாளித்தனம் வந்திருந்தது. "அண்ணே, நீங்க வெளியூர். உங்களை இங்கன யாருக்கும் தெரியாது. ஓசூர் ஏஜென்ட்டுன்னு சொல்லி அவுக ஆல்பம் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க."

ரகு பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, காளிராஜனின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார். சாப்பாட்டை மறந்து காத்திருந்தோம். திரும்பி வந்தபோது கையில் கனமான ஆல்பம் இருந்தது, முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார். "முதலாளியே இருந்தாரு. 'நேத்து தண்டவாளத்துல முருகனைத் துரத்திக்கிட்டு ஓடுனது நீங்கதானே'ன்னு கேட்டுட்டாரு. எனக்கு வேர்த்துருச்சு. ஆனா ஆல்பத்தை அவரே எடுத்துக் கொடுத்தாரு. கேசரியும் கொடுத்தாரு. வாசல்ல கூப்பிட்டு ஒண்ணு சொல்லச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?" என்றாள் மாரீஸ்வரி.

"'ஒன்பதாம் நம்பர் நல்லா வந்துருக்குன்னு மாரீஸ்வரிகிட்டச் சொல்லிருங்க'ன்னாரு."

மாரீஸ்வரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவருடைய ஆல்பத்தை மடியில் வைத்துப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாமிக்கும் எந்தக் கை தூக்கியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.